சோக்குக் கட்டியும் இரண்டு கார் டயரும்

மூன்று வருடங்களுக்கு முன்னால், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. ஐப்பசி மழை இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் இன்றோ நாளையோ பிடித்துவிடும் என்று மலைக்கே தெரிந்திருந்த ஒரு வாரம்.

நான் தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை. எனக்கு இடது கால் சரியில்லை. நான்கு வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு முழங்காலுக்குக் கீழே சூம்பிவிட்டது. பரிதாபம் தேடி இதைச் சொல்லவில்லை. பரிதாபம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தாராளமாகக் கிடைக்கிறது, போதும் போதும் என்றாகிவிட்டது. நடந்ததைச் சொல்ல இந்தக் கால் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் இருந்த முன்பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று அதை மூடினார்கள். தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிஷனில் இருபத்திரண்டு பிள்ளைகள் டீச்சர் இல்லாமல் இருந்தார்கள். எங்களைப் பார்க்கும் அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. என் காலைப் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்தார். "புளுவன்த?" என்றார். முடியுமா என்று சிங்களத்தில் கேட்கிறார். ஒரு நொடிகூட யோசிக்காமல் "புளுவன்" என்றேன்.

காலை எட்டு மணிக்குப் பள்ளி திறந்திருக்க வேண்டும், மாத முடிவில் வந்து பார்ப்பேன், அடிக்கடி பிந்தித் திறப்பதாகப் பேச்சு வந்தால் வேறு ஆளைப் போடுவேன் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மற்றவர்களிடமும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் கேட்கும்போது அவருடைய கண் என் காலில் நின்றதே, அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

மேல் டிவிஷன் ஆறு கிலோமீட்டர் ஏற்றம். பஸ் இல்லை. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி பத்து மணிக்குப் பிறகுதான் மேலே போகும். தினமும் ஆட்டோ பிடித்தால் சம்பளம் ஆட்டோக்காரருக்கே சரி. அதனால்தான் கண்டியில் ஒருவர் விற்ற மூன்று சக்கர மோட்டார் சைக்கிளை வாங்கினேன். முன்பக்கம் சாதாரண பைக். பின்பக்கம் ஒரு சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு. கியரைக் கையால் மாற்றும்படி ஒரு கம்பி வைத்திருந்தார்கள், அதனால் இடது காலுக்கு வேலையே இல்லை. அதில் உட்கார்ந்த முதல் நாள் ஊன்றுகோலைப் பின்னால் கட்டிவிட்டு நோர்வூட் கடைவீதியில் இரண்டு தடவை போய்த் திரும்பினேன். ஒரு வேலையும் இல்லை. சும்மாதான்.

முதல் வாரம் வெயில். ராணி மாதிரிப் போய் வந்தேன். எட்டாம் நாள் மழை பிடித்தது.

மேல் டிவிஷனுக்கு முன்னால் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அதை ஒட்டித் திரும்பும் வளைவில் ரோட்டுக்குக் கொங்கிரீட் போட்டிருக்கிறார்கள். மேலே யூகலிப்டஸ் மரங்கள், வெயில் படாது, கொங்கிரீட் முழுக்கப் பாசி. அங்கே போனதும் பின் சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. வண்டி ஏறவில்லை. பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து தள்ளிவிட்டார்கள்.

பெரட்டு என்பது காலையில் வேலைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேர் பதிகிற நேரம். அதற்குப் பிந்தினால் அன்றைக்கு முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான். அதாவது பாதி நாள் சம்பளம். என்னைத் தள்ள நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பெண்களுடைய நிமிஷம். இது தெரிந்தும் தினமும் தள்ளச் சொல்ல எனக்கு வாய் வருமா? நாளையிலிருந்து யாரும் தள்ள வேண்டாம், நான் வழி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வண்டியை விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தேன். பின்னால் இருப்பது பைக் டயர், அதுதான் பிரச்சினை என்றார். பைக் டயரின் முதுகு உருண்டையாக இருப்பது வளைவில் வண்டி சாய்வதற்காக. மூன்று சக்கர வண்டி சாயாது. ஆகவே அந்த உருண்டையின் உச்சி மட்டும்தான் தரையில் படும். கார் வீல் மாட்டுகிற மாதிரித்தான் பின்பக்கத்தைச் செய்திருக்கிறது, தட்டையான கார் டயராகப் பார்த்துப் போடுங்கள் என்றார். இதை விற்கும்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று பின்னேரமே ஹட்டனுக்குப் போனேன். அண்ணனும் கூட வந்தார். டயர் கடை ஒரு முஸ்லிம் முதலாளியுடையது. ஊரில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே. நல்ல மனுஷர், ஆனால் அன்று நான் பேசப் பேச அவர் அண்ணனைப் பார்த்தே பதில் சொன்னார்.

"தம்பி, சின்னக் காருக்குப் போடுற மெல்லிய டயரு ரெண்டு ஈக்குது. இந்த வண்டிக்கு அது காணும்."

"நானா, வண்டி என்னோடது. டயரும் நான்தான் பாக்குறேன். எங்கிட்டப் பேசுங்க" என்றேன்.

கடையில் வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. நானா காட்டிய மெல்லிய டயரை நான் கையால்கூடத் தொடவில்லை. பக்கத்தில் வேனுக்குப் போடுகிற டயர் ஒரு சோடி சாய்த்து வைத்திருந்தது. நல்ல அகலம், தடித்த ரப்பர், விரலால் அழுத்தினால் கல் மாதிரி. எனக்கு அதுதான் வேண்டும் என்றேன். நொண்டி டீச்சர் என்று பின்னால் பேசுகிறவர்கள் தூரத்திலிருந்து பார்த்தாலே வாயை மூட வேண்டும் என்பதுதான் என் கணக்கு. மழையைப் பற்றியோ பாசியைப் பற்றியோ நான் யோசித்த மாதிரி இல்லை.

"அது பாரம் ஏத்துற டயரு டீச்சர். ஒங்க வண்டிக்கு ஓவர்" என்றார் நானா.

"ஓவரா இருந்தா நல்லதுதானே" என்றேன்.

அண்ணன் வானத்தைப் பார்த்தார். அவருக்கு என்னைத் தெரியும். நானா வேன் டயரையே வீலோடு மாட்டி, வேனுக்கு அடிக்கிற அளவுக்குக் காற்றும் அடித்துக் கொடுத்தார். வழியெல்லாம் ஒவ்வொரு குழியிலும் தூக்கித் தூக்கிப் போட்டது. பலமான டயர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை நல்ல மழை. கோயில் வளைவுக்கு வந்தேன். பெண்கள் மழைக்கு இடுப்பில் படங்கு விரிப்பைக் கட்டிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் நின்றார்கள்.

"நிக்காதீங்க, போங்க போங்க! புது டயரு!" என்று கையை வீசிச் சொன்னேன்.

வளைவில் பாதிதான் ஏறினேன். சக்கரம் சுற்றியது. பழைய டயரில் வண்டி நின்ற இடத்திலாவது நின்றது. இதில் அதுவும் இல்லை. பிரேக்கைப் பிடித்தேன். பிடித்த பிரேக்கோடு வண்டி அப்படியே பின்னால் வழுக்கியது. எனக்குப் பின்னால் ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் மழைத் தண்ணீர் ஓடும் கான். அந்தக் கானுக்கு அப்பால் தேயிலை மலை செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. கடவுளே என்று ஒரு சத்தம் போட்டது நினைவிருக்கிறது. பின்சக்கரம் கானுக்குள் விழுந்து, வண்டி சரிந்து, தேயிலைச் செடி ஒன்றில் முட்டிக்கொண்டு நின்றது. அந்தச் செடி மட்டும் இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

நான் கானுக்குள் உட்கார்ந்திருந்தேன். இடுப்புவரை தண்ணீர் ஓடியது. ஊன்றுகோல் எங்கேயோ போய்விட்டது. நான் போகச் சொன்ன அந்த இரண்டு பெண்களும் மலையிலிருந்து ஓடி வந்தார்கள். ஒரு அக்கா இடுப்பில் கை வைத்து என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டியத் தூக்கிருவோம் டீச்சர். ஒங்க வாயத்தான் எப்புடித் தூக்குறதுன்னு தெரியல."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. மழையில் எது எதுவென்று யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு பேருமாக வண்டியை இழுத்து ரோட்டில் ஏற்றி, வளைவு முடியும்வரை தள்ளி, ஊன்றுகோலைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். அன்று அவர்கள் இரண்டு பேருக்கும் அரைப் பேர்தான் விழுந்தது. என் பெருமைக்கு அவர்கள் சம்பளம் போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பள்ளி திறக்கும்போது எட்டே முக்கால். பிள்ளைகள் வாசலில் நனைந்துகொண்டு நின்றார்கள். இப்படி இன்னும் இரண்டு நாள் நடந்தால் என் வேலை போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. சேலையைப் பிழிந்துகொண்டு வண்டியைத் திரும்பிப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பள்ளி முற்றத்துச் சேற்றில் என் டயர் போன தடம். டயர் ஒரு சாண் அகலம். தடம் மூன்று விரல் அகலம்கூட இல்லை.

அப்படியானால் மிச்ச டயர் எங்கே போனது?

பிள்ளைகளைப் படம் வரைய உட்கார வைத்தேன். மழை விட்டதும் வண்டியை வராந்தாச் சீமெந்தில் ஏற்றி, டயரைத் துணியால் துடைத்துக் காய வைத்தேன். பிறகு சோக்குக் கட்டியை எடுத்து, டயரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை குறுக்கே தடியாக ஒரு கோடு போட்டேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து வராந்தாவின் நீளத்துக்கு உருட்டினேன். இறங்கிப் பார்த்தேன். நடுவில் மட்டும் சோக்கு அழிந்திருந்தது. இரண்டு பக்கமும் நான் போட்ட கோடு வெள்ளையாக அப்படியே இருந்தது. பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. "டீச்சர் டயருக்குக் கோலம் போடுறாங்க!" என்று கத்தினார்கள்.

தொன் கணக்கில் பாரம் ஏற்றுகிற டயரில், வேனுக்கு அடிக்கிற காற்றை அடித்து, மேலே நானும் ஒரு சோற்றுப் பார்சலும் உட்கார்ந்தால் அது எங்கே அமுங்கப்போகிறது? கல் மாதிரி இருக்கிறது என்று நான் மெச்சிய டயர், கல் மாதிரியே வழுக்கியது.

பின்னேரம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். செய்தி எனக்கு முன்னால் லயத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"வேணாம் தங்கச்சி. வித்துருவோம். வீட்டுல இருந்து நாலு புள்ளைக்கிப் பாடம் சொல்லிக்குடு. ஒன்னையக் கானுக்குள்ள இருந்து தூக்கிட்டு வர எனக்குத் தெம்பு இல்ல."

அவர் பயம் நியாயமானது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் உட்கார் என்ற பேச்சை நான் நான்கு வயதிலிருந்து கேட்கிறேன். பள்ளிக்கூடம் போகாதே, பஸ்ஸில் ஏறாதே, கோயில் படி ஏறாதே. ஒவ்வொன்றையும் அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பைக் கேட்டிருந்தால் நான் இன்றைக்கும் லயத்து வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன்.

"டயரு பிழை அண்ணே. நான் பிழையான டயரப் பாத்துட்டேன். அதுக்காக மலை ஏறக்கூடாதுன்னு இல்லையே" என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிய ஐந்து மணிக்கே புறப்பட்டு, வளைவுக்கு முன்னால் வண்டியை விட்டுவிட்டு, ஊன்றுகோலோடு நடந்து ஏறினேன். வளைவு தாண்டிப் பள்ளிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர். எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கதவைத் திறந்தேன். அன்று முழுக்க நல்ல கால் வலித்தது. சூம்பின கால் வலிக்கவில்லை. வேலை செய்தால்தானே வலிக்கும்.

சனிக்கிழமை நானாவின் கடைக்குப் போய் நின்றேன். இந்த முறை அண்ணன் வரவில்லை. "நானா, நீங்க காட்டினதுதான் சரி. நான் பிழை விட்டுட்டேன். இத எடுத்துட்டு அந்த மெல்லிய டயரத் தாங்க" என்றேன். பிழையை ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபமாக வரும் காரியம் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை ஹட்டன் வரும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நானா நல்லபடியாக மாற்றிக் கொடுத்தார். இந்தத் தடவை நானே டயரைத் தொட்டுப் பார்த்தேன். பக்கச் சுவரை அழுத்தினால் அமுங்கியது. தண்ணீர் ஓடும் வெட்டு ஆழமாக இருந்தது. அகலம் வேன் டயரைவிடக் குறைவு. இரண்டு சோடி காட்டினார். நகத்தால் குத்திப் பார்த்து ரப்பர் மிருதுவாக இருந்த சோடியை எடுத்தேன். மிருதுவான ரப்பர் சீக்கிரம் தேயும் என்றார் நானா. தேயட்டும் என்றேன். அவர் மாட்டி முடித்து, வழக்கம்போலக் காருக்கு அடிக்கிற முப்பது காற்று அடித்தார்.

நான் பையிலிருந்து சோக்குக் கட்டியை எடுத்தேன்.

கடைக்கு முன்னால் சீமெந்துத் தரை. டயருக்குக் குறுக்கே கோடு போட்டேன். ஏறி உட்கார்ந்து பத்தடி உருட்டினேன். நடுவில் நான்கு விரல் அகலம் அழிந்திருந்தது. முந்தியதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் இரண்டு ஓரமும் வெள்ளை.

"காத்தக் கொறைங்க நானா."

"என்ன செல்றீங்க டீச்சர்! காருக்கு முப்பது அடிக்கணும். நான் இருவத்தஞ்சு வருஷமாக் கடை வச்சீக்கிறேன்."

"காருக்கு முப்பது. இது கார் இல்லையே. நானும் வண்டியும் சேந்து ஒங்க காருல கால்வாசி வருமா?"

கடைக்காரப் பையன்கள் யாரும் இந்த முறை சிரிக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து நின்று டயரைப் பார்த்தார்கள். நானா குனிந்து காற்றை இருபத்தைந்துக்கு இறக்கினார். கோடு, உருட்டு. ஓரம் வெள்ளை. இருபது. கோடு, உருட்டு. வெள்ளை கொஞ்சம் குறைந்தது. ரோட்டில் போனவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். பதினாறுக்கு வந்தபோது நானாவே என் கையிலிருந்து சோக்கை வாங்கிக்கொண்டார். பதினாலில் கோடு ஓரத்துக்கு ஓரம் ஒரே மாதிரி அழிந்தது.

அவர் தரையில் குந்தி அதைக் கையால் தடவிப் பார்த்தார். "இதுக்குக் கீழ இறக்காதீங்க. டயரு ரிம்மை விட்டுக் கழண்டுடும். வாராவாரம் வந்து காட்டுங்க" என்றார். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

வழியில் திருப்பும்போது ஹேண்டில் கொஞ்சம் கனத்தது. கைக்கு வேலை கூடுதல். எனக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறது, அதனால் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

திங்கட்கிழமை. மழை நிற்கவே இல்லை. ஏழேகாலுக்குக் கோயில் வளைவு. அதே பெண்கள், அதே நேரம். அந்த அக்கா என்னைக் கண்டதும் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரோட்டோரமாக நின்றுவிட்டார். இந்த முறை கையை வீச எனக்குத் தைரியம் இல்லை.

"போங்க அக்கா, பெரட்டுக்கு நேரமாச்சு" என்றேன் மெதுவாக.

"நீங்க மொதல்ல ஏறுங்க. பாத்துட்டுத்தான் போவேன்."

முதல் கியர். அந்தத் தேயிலைச் செடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அதைப் பார்த்தேன். கொங்கிரீட் தொடங்கியது. பாசி. பின்சக்கரம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, லேசாகச் சறுக்கியது. பிறகு பிடித்தது. விடவே இல்லை. ஆமை வேகத்தில்தான் ஏறினேன், ஆனால் ஏறினேன். வளைவு முடியும் இடத்தில் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

"யாரும் தள்ளல! யாரும் தொடல! எல்லாரும் பாத்துக்கங்க!"

அந்த அக்கா மலைக்கே கேட்கும்படி கத்திவிட்டுப் பெரட்டுக்கு ஓடினார். அன்று அவருக்கு முழுப் பேர் விழுந்தது. நான் ஏழரைக்குப் பள்ளியைத் திறந்து, யாரும் இல்லாத வகுப்பில் உட்கார்ந்து, வாய் விட்டு அழுதேன்.

மாத முடிவில் அதிகாரி வந்தார். வரவுப் புத்தகத்தைப் பார்த்தார், பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேட்டார். அந்த எட்டே முக்காலை நானே சொன்னேன். "ஒரு நாள்தானே" என்று பக்கத்தைத் திருப்பினார். போகும்போது என் வண்டியின் அருகில் நின்று, குனிந்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். காற்றுக் குறைவாக இருக்கிறதே, இதில் எப்படி வருகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். "குறைவா இருக்கிறதாலதான் வர்றேன் மேடம்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவருக்கு விளங்கியதோ என்னவோ. ஆனால் "புளுவன்த?" என்று அவர் மறுபடி என்னிடம் கேட்டதே இல்லை.

இப்போதும் அதே பள்ளி, அதே வளைவு. டயர் மட்டும் ஒரு தடவை மாற்றினேன். நானாவின் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சோக்குக் கட்டி இருக்கிறது. என்னைப் போல் யாராவது மூன்று சக்கர வண்டியோடு வந்தால், கூட வந்தவரை விட்டுவிட்டு, வண்டியில் இருப்பவரிடம் அதை நீட்டுகிறார். என்னால் முடியாது என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காக நான் இப்போது விறைத்துக்கொண்டு நிற்பதில்லை. எனக்கு வேண்டிய அளவு காற்றை வைத்துக்கொண்டு, மிச்சத்தை இறக்கிவிட்டு, மழையிலும் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறேன்.